விக்டோரியாவுக்கு வக்காலத்து வாங்காமல் படிக்க: 'சொஃப்லோயா' நாவலில் வாசகர்கள் வழுக்கும் இடங்கள்

'சொஃப்லோயா' நாவலை முதல் தடவை எடுத்தபோது ஐம்பது அறுபது பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டேன். கோதிக் நாவல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாழடைந்த கோட்டை, நள்ளிரவு மணியோசை, திரைக்குப் பின்னால் ஒரு நிழல் என்று ஆசையோடு உட்கார்ந்தால், வெனிஸ் நகரத்துப் பிரபு வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன் அந்த வீட்டம்மாவை மயக்கிக் கூட்டிக்கொண்டு போகிற கதை ஓடிக்கொண்டிருந்தது. பேயையும் காணோம், பிசாசையும் காணோம். இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் கோளாறு புத்தகத்தில் இல்லை, நான் படித்த விதத்தில் என்று புரிந்தது. அப்புறம் நான் இதைப் படிக்கக் கொடுத்த சிலரும் ஏறக்குறைய அதே இடங்களில் வழுக்கினார்கள். அந்த இடங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லண்டனில் 1806இல் மூன்று பாகங்களாக வந்த நாவல் இது. எழுதியவர் சார்லட் டேக்கர். கதை நடப்பது 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியில். நாயகி விக்டோரியா, லொரெதானி பிரபுவின் மகள். அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது அம்மா லௌரினா, அர்டோல்ஃப் என்ற ஜெர்மன் பிரபுவோடு போய்விடுகிறாள். அண்ணன் லியோனார்டோ வீட்டை விட்டு ஓடிவிடுகிறான். அப்பா அர்டோல்ஃபோடு நடந்த சண்டையில் இறக்கிறார். விக்டோரியா பெரென்சா என்பவனுக்கு முதலில் ஆசைநாயகி, பிறகு மனைவி. ஆனால் அவன் தம்பி ஹென்ரிக்கேஸ் வீட்டுக்கு வந்ததும் அவன்மேல் பித்தாகிறாள். அவனுக்கோ லில்லா என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஹென்ரிக்கேஸின் வேலைக்காரன்தான் சொஃப்லோயா என்ற மூர் இனத்தவன். அவன் கொடுத்த விஷத்தால் விக்டோரியா கணவனைக் கொல்கிறாள். அதோடு நிற்பதில்லை.

முதல் தவறு நான் செய்தது: தலைப்பை நம்பியது. புத்தகத்துக்கு 'சொஃப்லோயா' என்று பெயர் வைத்துவிட்டு, கதை ஏறக்குறைய பாதி தூரம் போகும்வரை ஆசிரியர் அவனைக் கண்ணில் காட்டுவதே இல்லை. அவன் எப்போது வருவான் என்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் முதல் பாதி முழுக்கப் பாயாசத்துக்காகச் சாப்பாட்டை விழுங்குகிற மாதிரி ஆகிவிடும். உண்மையில் முதல் பாதிதான் சாப்பாடு. விக்டோரியா எப்படிப்பட்டவள் என்பது அங்கேதான் இருக்கிறது. பெண்ணின் பெயரை மனதுக்குள் தலைப்பாக வைத்துக்கொண்டு படியுங்கள், வேகம் தானாகச் சரியாகிவிடும்.

அந்த முதல் பாதியில் எல்லோரும் அவசரமாகக் கடக்கிற ஒரு பகுதி உண்டு. அம்மாவும் அர்டோல்ஃபும் விக்டோரியாவைத் தந்திரமாக அழைத்துப்போய், திரெவீசோ அருகே காட்டோரத்தில் இருக்கும் ஒரு வீட்டில், மொதேனா சீமாட்டி என்ற கடுகடுப்பான உறவுக்காரக் கிழவியிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வீடு சிறைதான். வெளியே போகக்கூடாது, யாரையும் பார்க்கக்கூடாது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன் பத்து இருபது ஆண்டுகளில் வந்த கோதிக் நாவல்களில் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட வேலையே இதுதான். அவளை யாராவது அடைத்து வைப்பார்கள். அவள் அழுவாள், பாட்டெழுதுவாள், சன்னல் வழியாக நிலவைப் பார்ப்பாள், மயங்கி விழுவாள். ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய 'யுடோல்ஃபோ' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வாய்ப்பாடு தெரியும். விக்டோரியாவோ ஒரு சொட்டுக் கண்ணீரையும் வீணாக்குவதில்லை. முதலில் எதிர்க்கிறாள், அது பலிக்காது என்று கண்டதும் நடிக்கிறாள். பணிவான பெண்ணாக மாறிவிட்டது போலக் காட்டிக்கொண்டு, தோட்டத்தில் உலவ அனுமதி வாங்குகிறாள். காவலுக்கு வந்த கத்தாவ் என்ற வேலைக்காரப் பெண்ணைப் பேசிப் பேசி வசப்படுத்தி, அவளோடு உடையை மாற்றிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

இதைப் படிக்கும்போது கைதட்டத்தான் தோன்றும். தட்டுங்கள், தவறில்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மூன்றாம் பாகத்தில் இதே விக்டோரியா, இன்னொரு பெண்ணை மலைக்குகையில் சங்கிலியால் கட்டி வைப்பாள். அடைக்கப்பட்டவள் அடைப்பவளாகிறாள். சிறைப் பகுதியை வேகமாகப் புரட்டியவர்களுக்கு லில்லாவின் குகை வெறும் கொடூரக் காட்சியாகத்தான் தெரியும். நிதானமாகப் படித்தவர்களுக்கு அங்கே இன்னொன்றும் தெரியும்: பழைய கோதிக் நாயகி ஒருத்தி, வெளிறிய முகத்தோடும் அவிழ்ந்த கூந்தலோடும் அந்தக் குகையில் கட்டப்பட்டிருக்கிறாள். கட்டியது புது நாயகி.

அடுத்தது, கொஞ்சம் சிக்கலான தவறு. கதை சொல்லும் குரலை அப்படியே நம்பிவிடுவது.

இந்த நாவலின் கதைசொல்லி ஓயாமல் உபதேசம் செய்கிறவர். அவர் சொல்லும் காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. லௌரினா வழிதவறியதால் மகள் கெட்டாள், மகன் கெட்டான், குடும்பமே அழிந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். விக்டோரியாவும் இதையே பிடித்துக்கொள்கிறாள். தன் ஒவ்வொரு தப்புக்கும் 'அம்மா செய்யாததா' என்று ஒரு பதில் வைத்திருக்கிறாள். கடைசியில் அம்மா சாகக் கிடந்து மன்னிப்புக் கேட்கும்போதுகூட மனம் இரங்காமல் குற்றப்பட்டியல் வாசிக்கிறாள்.

ஆனால் முதல் சில பக்கங்களுக்குத் திரும்பிப் போங்கள். அம்மா ஓடிப்போவதற்கு முன்பே, விருந்தும் விழாவுமாக வீடு களைகட்டியிருக்கும்போதே, விக்டோரியாவை அதே கதைசொல்லி எப்படி அறிமுகப்படுத்துகிறார்? அழகி, கெட்டிக்காரி. கூடவே கர்வி, யார் கண்டித்தாலும் பொருட்படுத்தாதவள், மன்னிக்கத் தெரியாதவள், பழிவாங்கும் குணமும் கொடுமையும் உள்ளவள், எதில் இறங்கினாலும் தன் கையே மேலோங்க வேண்டும் என்று நினைப்பவள். அப்படியானால் அம்மா கெடுத்தது எதை? நல்ல கண்டிப்பு இருந்திருந்தால் திருத்தியிருக்கலாம் என்று அவர் சமாளிக்கிறார். இருந்தாலும் அந்த விரிசல் விரிசலாகவே இருக்கிறது. நாவலாசிரியர் தெரிந்தே அதை வைத்தாரா, தெரியாமல் நேர்ந்ததா என்று வாதம் செய்யலாம். நான் தெரிந்தே வைத்தார் என்ற கட்சி. எப்படியானாலும், உபதேசம் ஒரு பக்கமும் நடப்பது இன்னொரு பக்கமும் இழுக்கிற இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனால் இந்த நாவல் வேறு புத்தகமாகிவிடும்.

ஒரு கோடு போட வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன். பெரென்சா தூங்கிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் விக்டோரியா. நள்ளிரவில் ஒருவன் கத்தியோடு படுக்கையருகே வருகிறான். விக்டோரியா பாய்ந்து குறுக்கே விழுகிறாள், பெரென்சாவுக்கு வைத்த குத்து அவள்மேல் பாய்கிறது. அந்தக் கணத்தில் குத்தியவன் முகத்தைப் பார்க்கிறாள். ஓடிப்போன அண்ணன் லியோனார்டோ. பெரென்சாவின் பழைய ஆசைநாயகி மெகலீனா ஸ்ட்ரோட்ஸி, தன் இப்போதைய காதலனான அவனைத்தான் கொலைக்கு அனுப்பியிருக்கிறாள். விக்டோரியா யாரிடமும் மூச்சு விடுவதில்லை.

பெரென்சாவைப் பொறுத்தவரை இது காதலின் உச்சம். அதுவரை இவளைக் கல்யாணம் செய்யலாமா வேண்டாமா, குடும்ப கௌரவம் என்னாவது என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தவன், 'எனக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தாளே' என்று உருகி, பிறகு மனைவியாக்கிக்கொள்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து உருகிவிடுவதுதான் இங்கே நடக்கிற தவறு. அவள் பாய்ந்தது உண்மை, காயம் உண்மை, தைரியம் உண்மை. அந்தத் தைரியத்துக்குக் காதல் என்று பெயர் வைத்தது பெரென்சா மட்டும்தான். அவள் அவனை நேசிக்கவில்லை என்பதைக் கதைசொல்லி முன்பே சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது அவன் தரும் இடம். பெரென்சா நல்லவன்தான், ஆனால் எதிரில் இருப்பவளைப் பார்க்காமல் தன் மனதில் வரைந்து வைத்தவளைப் பார்க்கிற நல்லவன். அதே குருட்டுத்தனத்தோடுதான் பிறகு அவள் கையால் விஷத்தை வாங்கிக் குடித்து, இப்படி ஒரு அன்பான மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறான்.

இங்கேயே லியோனார்டோ, மெகலீனா கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கத்திக்குத்துக்குப் பிறகு நாவல் திடீரென்று பின்னால் போய், லியோனார்டோ இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று நீளமாகச் சொல்லும். 'கிளைக்கதை' என்று பலர் தாவிவிடுகிறார்கள். தாவினால் கடைசிப் பகுதியில் கொள்ளைக்கூட்டத் தலைவனாக அவன் வந்து நிற்கும்போது யார் இவன் என்று விழிக்க வேண்டியிருக்கும். தவிர, மெகலீனா என்பவள் விக்டோரியாவின் முன்னோட்டம். ஆணைக் கருவியாக வைத்துக்கொண்டு கொலை செய்யப் பார்க்கிற பெண் இந்த நாவலில் விக்டோரியாவுக்கு முன்பே வந்துவிடுகிறாள். சொல்லப்போனால் பெண்களின் விருப்பம்தான் இந்தக் கதை முழுவதையும் நகர்த்துகிறது. அர்டோல்ஃபை விட்டால் ஆண்களெல்லாம் இழுத்த இழுப்புக்குப் போகிறவர்கள்.

சரி, இப்போது இந்தக் காலத்து வாசகர்கள், குறிப்பாக இளையவர்கள், செய்கிற தவறு. விக்டோரியாவை வெற்றிக்கொடி ஏந்திய பெண்ணாகப் பார்ப்பது. அடக்கப்பட்ட பெண், ஆசையைச் சொல்லத் துணிந்தவள், சமூகத்தை எதிர்த்தவள் என்று கட்டுரை எழுதுவதற்கு எல்லா வசதியும் நாவலில் இருக்கிறது. அதில் பாதி உண்மையும்கூட. ஒரு பெண் தன் ஆசையை இவ்வளவு வெளிப்படையாகத் துரத்துவதை 1806இல் ஒரு பெண் எழுதியது சாதாரண விஷயமில்லை. ஆனால் அவளுக்கு வக்காலத்து வாங்க வேண்டுமென்றால் சில பக்கங்களைக் கிழித்துவிட வேண்டியிருக்கும். விஷம் வேலை செய்கிறதா என்று பார்க்க, லில்லாவோடு இருக்கும் உறவுக்காரப் பாட்டிக்கு அதைக் கொடுத்துப் பரிசோதிக்கும் பக்கம் ஒன்று. அந்தக் கிழவி யாரையும் அடக்கியவளில்லை.

இன்னொன்று லில்லாவின் கொலை. இதை நேராகப் பார்க்காமல் இந்த நாவலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மருந்தொன்றின் மயக்கத்தில் ஹென்ரிக்கேஸின் கண்ணுக்கு விக்டோரியா லில்லாவாகத் தெரிகிறாள். காலையில் தெளிந்து பக்கத்தில் கிடப்பவள் யாரென்று பார்த்ததும் அவன் தன் வாளில் விழுந்து உயிரை விடுகிறான். விக்டோரியா கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறிக் குகைக்கு ஓடுகிறாள். லில்லாவைப் பாறை விளிம்புக்கு இழுத்து வருகிறாள். அந்தப் பெண் கெஞ்சுகிறாள், தப்பி ஓடப் பார்க்கிறாள், பட்ட மரமொன்றின் கிளையைப் பற்றிக்கொள்கிறாள். விக்டோரியா விடுவதில்லை. ஒரு குத்தோடு நிற்பதும் இல்லை. கையில், தோளில், நெஞ்சில் என்று குத்திக்கொண்டே போய்க் கடைசியில் தலைகீழாகப் பள்ளத்தில் தள்ளுகிறாள். பொன்னிறக் கூந்தலில் ரத்தம் படிவதைக்கூட ஆசிரியர் விடாமல் எழுதுகிறார். எனக்கு இரண்டாவது வாசிப்பிலும் அந்தப் பக்கத்தில் வயிற்றைப் பிசைந்தது.

நம் பக்கத்து வாசகர்களுக்கு இதில் தனியாக ஒரு சிரமம் உண்டு என்று நினைக்கிறேன். கெட்ட பெண் என்றால் அவளுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தாக வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. பழையனூர் நீலிக்கு முற்பிறவியில் கணவன் செய்த கொலை இருந்தது. தொலைக்காட்சித் தொடர் வில்லிக்குக்கூட எண்ணூறாவது எபிசோடிலாவது ஒரு பிளாஷ்பேக் போட்டு, சின்ன வயதில் அவளுக்கு நடந்த அநியாயத்தைக் காட்டிவிடுவார்கள். விக்டோரியாவிடம் அந்தக் கணக்கைத் தேடாதீர்கள். லில்லா அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. லில்லா சின்னஞ்சிறியவள், சிவந்தவள், குழந்தை முகம். விக்டோரியா உயரம், கறுத்த கூந்தல், ஆண்மை கலந்த முகவெட்டு. இந்தப் பெரிய உடம்பு அவளுடையதைப் போல மெல்லியதாகச் சுருங்கக்கூடாதா, இந்த முரட்டு முகம் அந்தப் பொம்மை முகமாக மாறக்கூடாதா என்று அவள் ஏங்கும் இடம் ஒன்று வரும். நாவல் முழுவதிலும் அவள்மேல் எனக்கு இரக்கம் வந்த ஒரே இடம் அதுதான். அந்த இரக்கத்தையும் வைத்துக்கொண்டு அந்தப் பாறை விளிம்புக் காட்சியையும் படிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுப் படித்தால் சுலபம், அவ்வளவுதான்.

சொஃப்லோயாவிடம் வருகிறேன். மூர் என்பது வட ஆப்பிரிக்காவையும் ஸ்பெயினையும் சேர்ந்த முஸ்லிம்களை ஐரோப்பியர்கள் அழைத்த பெயர். கிரனாடா 1492இல் வீழ்ந்தபோது அங்கிருந்த மூர்களின் ஆட்சி முடிவுக்கு வந்தது. சொஃப்லோயா உயர்குடியில் பிறந்து, போரின் விளைவாக வேலைக்காரனானவன் என்று கதை சொல்கிறது. உயரமானவன், பேரழகன், இசை தெரிந்தவன், மருந்துகளும் விஷங்களும் தெரிந்தவன். இவன்தான் கடைசியில் சாத்தான் என்று தெரியவரும்.

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் இனவெறியைக் கண்டுகொள்வதே இல்லை, 'அந்தக் காலம் அப்படி' என்று நகர்ந்துவிடுகிறார்கள். கறுத்த மனிதன் உருவில் பிசாசு என்ற கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எப்படிப் படிப்பது? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது 1807இல். அந்த விவாதம் சூடாக இருந்த நேரத்தில், ஒரு வெள்ளைக்கார எஜமானி தன் வீட்டு மூர் வேலைக்காரனிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பட்டு, கடைசியில் அவன் அடிமையாகும் கதை லண்டன் கடைகளில் விற்றது. அந்த வாசகர்களை எது பயமுறுத்தியிருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை. இன்னொரு சாரார் இனவெறி என்று முத்திரை குத்தி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த வீட்டில் அறிவும் நிதானமும் கம்பீரமும் உள்ள ஒரே ஆள் சொஃப்லோயாதான். எஜமானர்கள் அவன் முன்னால் சிறுபிள்ளைகள் போல இருக்கிறார்கள். விக்டோரியா அவனிடம் போவது பயத்தால் மட்டுமில்லை, ஈர்ப்பாலும்தான்.

இதில் கிட்டத்தட்ட எல்லோரும் தவறவிடுகிற ஒரு நுணுக்கம் இருக்கிறது. நானும் இரண்டாம் வாசிப்பில்தான் கவனித்தேன். ஹென்ரிக்கேஸோடு வந்த சொஃப்லோயா ஒரு கட்டத்தில் காணாமல் போகிறான். சக வேலைக்காரன் லதோனி மரணப் படுக்கையில், பொறாமையால் தானே அவனைக் குத்திக் கால்வாயில் தள்ளியதாக ஒப்புக்கொள்கிறான். ஆனால் சில நாட்களில் சொஃப்லோயா திரும்பி வந்துவிடுகிறான். வீடே மகிழ்கிறது, எப்படிப் பிழைத்தான் என்பதற்கு ஒரு கதையும் சொல்கிறான். நாமும் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். கடைசிப் பக்கங்களில் சாத்தான் தன் சுயரூபத்தில் நின்று, தான் அந்த மூரின் சாயலை எடுத்துக்கொண்டு வந்தவன் என்று சொல்லும்போது முதுகில் ஜில்லென்கிறது. அப்படியென்றால் உண்மையான சொஃப்லோயா அந்தக் கால்வாயிலேயே முடிந்துபோனான். பிசாசு பிறகு அவன் உருவத்தில் நடமாடியிருக்கிறது. புத்தகத்தின் பெயரையே தாங்குகிறவன், சக வேலைக்காரன் கையால் கொலையுண்டு, யாராலும் அழப்படாமல் போன ஒரு மூர். லதோனியின் வாக்குமூலம் வரும் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரின் வாழ்க்கையை வைத்து நாவலை அளப்பது அடுத்த தவறு. இதற்குத் தூண்டுதல் நிறைய உண்டு, அந்த வாழ்க்கை அப்படி. சார்லட் டேக்கர் என்பது புனைபெயர், இயற்பெயர் சார்லட் கிங். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'டாக்ரே' என்று வரும், சொல்வது டேக்கர். அப்பா ஜான் கிங் லண்டனில் பெயரெடுத்த வட்டிக்கடைக்காரர், யூதர், அரசியல் பேசுகிறவர். 1798இல் சார்லட்டும் தங்கை சோஃபியாவும் சேர்ந்து கவிதைத் தொகுப்பு போட்டு அப்பாவுக்கே சமர்ப்பித்தார்கள். 'மார்னிங் போஸ்ட்' நாளிதழின் ஆசிரியர் நிக்கலஸ் பைர்னோடு வாழ்ந்து மூன்று குழந்தைகள் பெற்று, அதற்கெல்லாம் பிறகு 1815இல்தான் சார்லட் அவரை மணந்தார். 1825இல் இறந்தார். இவ்வளவு தெரிந்ததும் 'ஓகோ, அதனால்தான்' என்று தோன்றும். வீடு விட்டு ஓடும் அம்மாவையும் ஆசைநாயகியாக வாழும் பெண்ணையும் இங்கே பொருத்திப் பார்க்கக் கை அரிக்கும். அன்றைய விமர்சகர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்த ஆசிரியைக்கு மூளையில் புழு நெளிகிற வியாதி என்று ஒரு இதழ் கிண்டலே அடித்தது. 'ரோசா மெட்டில்டா' என்ற இன்னொரு புனைபெயரில் அவர் எழுதிய கவிதைகளை பைரன் 1809இல் தன் அங்கதக் கவிதையில் வாரினார்.

'மெட்டில்டா' என்ற பெயர் வந்த இடத்தைப் பார்த்தால் இன்னொரு தவறும் பிடிபடும். மேத்யூ லூயிஸ் 1796இல் வெளியிட்ட 'துறவி' நாவலில் துறவியைக் கெடுக்க ஆண் வேடத்தில் வருகிறவள் மெட்டில்டா. அந்த நாவலிலும் கடைசியில் சாத்தான் துறவியைப் பள்ளத்தில் எறிகிறான். டேக்கர் தன் முதல் நாவலை லூயிஸுக்குத்தான் சமர்ப்பித்தார். ஆகவே 'சொஃப்லோயா' அதன் நகல் என்று சொல்லிவிடுவது எளிது. கடன் வாங்கியது உண்மை. ஆனால் லூயிஸ் கதையில் பாவம் செய்கிற ஆண் நடுவில் நிற்கிறான், பெண் தூண்டில். டேக்கர் அதைத் திருப்பிப் போட்டார்: நடுவில் பெண், தூண்டில் ஓர் அழகான ஆண். நகல் என்றே பேசினால் ஷெல்லியையும் பேச வேண்டும். பிற்காலத்தில் பெரிய கவிஞரான ஷெல்லி பதினேழு வயதில் எழுதி 1810இல் வெளிவந்த 'ஸாஸ்ட்ரோட்ஸி' நாவலில் ஒரு முரட்டு அழகி தன் போட்டிக்காரியான மென்மையான பெண்ணைப் பலமுறை குத்திக் கொல்கிறாள். அவளுக்குப் பெயர் மெட்டில்டா. இது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சின்னச் சின்னத் தவறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய வரலாற்றை இதில் தேடாதீர்கள். புராட்டஸ்டண்ட் இங்கிலாந்தின் கற்பனையில் இத்தாலி என்றால் கத்தி, விஷம், கொள்ளைக்காரன். அந்த இத்தாலிதான் இது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் நீளமான வாக்கியங்களையும் கோடு கோடாகத் தொங்கும் வசனங்களையும் கண்டு மிரள வேண்டாம், வாய்விட்டுப் படித்தால் மேடை நாடகம் போல ஓடும். பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பாசிரியர் முன்னுரை இருந்தால் கடைசியில் படியுங்கள், அதில் எல்லாக் கொலைகளும் வரிசையாக இருக்கும். கதையை வெட்டிச் சுருக்கி 1810இல் ஒரு மலிவுப் பதிப்பு வேறு பெயரில் வந்தது. நேரமில்லை என்று அந்த மாதிரிச் சுருக்கத்தில் இறங்கினால் நிகழ்ச்சிகள் மட்டும்தான் மிஞ்சும், விக்டோரியா மிஞ்ச மாட்டாள்.

கடைசித் தவறு கடைசிப் பத்தியில் காத்திருக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு கதைசொல்லி வாசகரை நேராக அழைத்து, இதை வெறும் கற்பனைக் கதையாக எண்ணாதீர்கள், மனிதர்கள் இவ்வளவு கொடுமை செய்வதற்குப் பிசாசின் தூண்டுதலைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்கிற தோரணையில் பேசி முடிக்கிறார். அப்பாடா, பதில் கிடைத்தது என்று புத்தகத்தை மூடத் தோன்றும். மூடாமல் ஒரே ஒரு பக்கம் பின்னால் போங்கள். மலையுச்சியில், அடியில்லாத பள்ளத்தின் விளிம்பில், விக்டோரியா 'நான் உன்னுடையவள்' என்று சொல்லிவிட்டாள். சொஃப்லோயாவின் அழகு உதிர்ந்து கோர உருவம் நிற்கிறது. எறிவதற்கு முன் அவன் பேசுகிறான். உன் கெட்ட எண்ணங்கள்தான் முதலில் என் கண்ணில் பட்டன, அவைதான் என்னை உன்னிடம் இழுத்து வந்தன, இந்த வழியில் உன் அளவுக்குத் துணிந்து நடந்தவர்கள் குறைவு, நான் காட்டியதற்கெல்லாம் நீ எவ்வளவு ஆவலாகச் சம்மதித்தாய் என்கிறான். ஹென்ரிக்கேஸ் மேல் அவளுக்கு ஆசை வந்தது முதலில், கனவில் மூர் வந்தது அதற்குப் பிறகு என்பதை நாமும் பார்த்திருக்கிறோம். கதைசொல்லி பிசாசைக் கை காட்டுகிறார், பிசாசு விக்டோரியாவைக் கை காட்டுகிறது. பொய்யின் தந்தை என்று பெயரெடுத்தவன் அந்த ஒரு இடத்தில் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறான்.